கண்கொத்தி ஏறிய தராசு

கடைத்தெருவில் அவருக்கு வைத்த பெயர் கண்கொத்தி. கண்கொத்திப் பாம்பு மாதிரி இமைக்காமல் பார்ப்பார் என்பதால் வந்த பெயர். எடை அளவு ஆய்வாளராக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். அவர் தெருமுனையில் திரும்பினாலே மளிகைக்கடைக்காரர் பழக்கடைக்காரருக்குக் கண் காட்டுவார். பழக்கடைக்காரர் இரும்புக்கடைக்காரருக்கு இருமிக் காட்டுவார். அந்த இருமலைக் கேட்டே எந்தக் கடைக்குள் முதலில் நுழைய வேண்டும் என்று அவர் தெரிந்துகொள்வார். தட்டின் அடியில் ஒட்டிய மெழுகு, குடைந்து எடுத்த எடைக்கல், சாமானோடு சேர்ந்து நிறுக்கப்படும் கட்டைவிரல், எதுவும் அவரிடம் தப்பியதில்லை.

ஒருமுறை மனைவியின் அண்ணன் கடையிலேயே வழக்கு எழுதிவிட்டார். "அண்ணன் கடையில மட்டும் கொஞ்சம் கண்ணை மூடிக்கக் கூடாதா?" என்று மனைவி கேட்டாள். "மூடினா தூக்கம் வந்துடும்" என்றார். மச்சான் பதினோரு வருடம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மனைவி ஒரு மாதம் அவர் முகத்தைப் பார்க்காமலே சோறு போட்டாள். அப்போதும் அளவு சரியாக இருக்கிறதா என்று கரண்டியைத்தான் பார்த்தார் என்று அவள் பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

மனைவி போய் ஆறு வருடம் ஆகிறது. அவருக்கு எழுபத்தெட்டு. மூன்றாம் மாடியில், முப்பத்தெட்டுப் படிகளுக்கு மேல், இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தார். அந்த வீட்டின் ஒவ்வொரு சாவியும் அவர் சட்டைப்பையில் இருந்தது. காய்ச்சலும் நெஞ்சுச் சளியுமாக ஆஸ்பத்திரிக்கு வந்து, நான்காம் நாள் காய்ச்சல் விட்டு, முதியோர் வார்டுக்கு மாற்றப்பட்டபோதும் அந்தச் சாவிக்கொத்து தலையணைக்கு அடியில்தான் இருந்தது.

அந்த வார்டில் பன்னிரண்டு கட்டில்கள். வார்டு சிஸ்டருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு, கண்ணாடி எங்கே என்று எல்லோரையும் கேட்பவர். அவர் ஒரு தாளோடு வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். தாளில் வரிசையாக ஒன்பது மனிதப் படங்கள். முதல் ஆள் ஓடுகிறான். நடுவில் ஐந்தாவது ஆள் கோல் ஊன்றுகிறான். ஒன்பதாவது ஆள் படுத்திருக்கிறான்.

"இதுல நான் யாரு?" என்று கேட்டார் கண்கொத்தி.

"அதைத்தான் சார் கண்டுபிடிக்கணும். தளர்ச்சி எண்ணுன்னு பேரு. வயசானவங்க உடம்பு எவ்வளவு தாங்கும், என்ன உதவி வேணும்னு பார்த்து எழுதி வைக்கிறோம்."

"யாருக்காக?"

"உங்களுக்காகத்தான்."

அந்த வார்த்தையை அவர் நிறையக் கேட்டிருக்கிறார். உங்களுக்காகத்தான் சார் தனியா எடுத்து வெச்சேன் என்று சொன்ன கடைக்காரன் எவனும் நேர்மையாக நிறுத்ததில்லை.

அதற்கு முந்தைய நாள்தான் அவர் ஒரு பேச்சை ஒட்டுக் கேட்டிருந்தார். மகள் நடையில் நின்று இதே சிஸ்டரிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். "தனியா விட முடியாது" என்ற துண்டு மட்டும் காதில் விழுந்தது. மகள் வேறு ஊரில் இருக்கிறாள். தரைத்தள வீடு. பின்னறை காலியாக இருக்கிறது, ஒரேயடியாக வந்துவிடுங்கள் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மகள் ஆசைப்படுகிறாள், சிஸ்டர் தாள் எடுத்து வருகிறார். இரண்டையும் இரண்டு தட்டில் வைத்துப் பார்த்தார், முள் அசையவில்லை. இது கூட்டு வேலை. எண் நான்குக்கு மேல் போனால் மூன்றாம் மாடி வீட்டுக்குப் பூட்டு. நான்கைத் தாண்டவிடக் கூடாது என்று முடிவு செய்தார்.

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடி, காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி எப்படி இருந்தீங்க?" என்று சிஸ்டர் ஆரம்பித்தார். "இப்ப படுத்திருக்கிறது கணக்கில்ல. காய்ச்சல்ல பயில்வானும் படுப்பான்."

"நல்லாத்தான் இருந்தேன்."

"மாடிப்படி?"

"ஒரே மூச்சுல ஏறுவேன்."

"சமையல்?"

"மூணு வேளையும்."

இரண்டாம் மாடித் திருப்பத்தில் தினமும் படியிலேயே உட்கார்ந்துவிடுவதையும், மூன்று வேளையில் இரண்டு வேளை டீயும் பிஸ்கட்டும்தான் என்பதையும் அவர் சொல்லவில்லை. சிஸ்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, நாற்காலியில் தொங்கிய அவருடைய பேண்டைப் பார்த்தார். எழுந்து போய் பெல்ட்டை விரலால் தடவினார்.

"ஆணியில ஓட்டை போட்டிருக்கீங்க."

"பெல்ட் நீண்டுடுச்சு."

"மூணு ஓட்டை அளவுக்கா?"

கண்கொத்திக்குச் சுருக்கென்றது. எதிரில் இருப்பது சாதாரண ஆளில்லை. தன்னைப் போலவே தட்டின் அடியில் கைவிட்டுப் பார்க்கிற ஆள்.

எடை பார்க்க அழைத்துப் போனார்கள். வார்டு மூலையில் தண்டு வைத்த பழைய எடை மெஷின். தண்டில் ஒரு பெரிய குண்டு, ஒரு சின்னக் குண்டு. இரண்டையும் நகர்த்தி, தண்டின் மூக்கு நடுவில் மிதக்கும் இடத்தில் எடையைப் படிக்க வேண்டும். ஏறி நிற்கும் மேடைமேல் கெட்டியான கறுப்பு ரப்பர் விரிப்பு ஒன்றை நான்கு மூலையிலும் பிளாஸ்திரி ஒட்டிப் போட்டிருந்தார்கள். அவர் கால் வைக்கப் போகும்போது சிஸ்டர் கையை நீட்டித் தடுத்தார்.

"பையில என்ன இருக்கு சார்?"

"முப்பத்தொரு வருஷம் நான் அடுத்தவன் பையைப் பார்த்தவன்மா."

"அதனாலதான் கேக்கறேன். வழி தெரிஞ்சவங்க."

கைக்குட்டை, கண்ணாடிக் கூடு, சாவிக்கொத்து. எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டு ஏறினார். சிஸ்டர், முன்பு நிறுத்த ஆளின் எடையில் நின்றிருந்த குண்டை நாலு கோடு தள்ளித் தட்டினார். தண்டு மிதந்தது. ஐம்பத்தெட்டரை கிலோ. ஆறு மாதத்துக்கு முன் மருந்துச் சீட்டில் அறுபத்தொன்று என்று இருந்தது.

"ரெண்டரைதான் குறைஞ்சிருக்கு" என்றார் சிஸ்டர், பெல்ட் வேறு கதை சொல்கிறதே என்ற முகத்தோடு. "பயப்படற அளவுக்கு இல்ல." திரும்பி நின்று எழுத ஆரம்பித்தார்.

அந்தச் சில விநாடிகளில் கண்கொத்தியின் கை பழக்கத்தில் தானாகப் போனது. இறங்கி நின்று, இரண்டு குண்டையும் பூஜ்ஜியத்துக்குத் தள்ளினார். மேடைமேல் யாருமில்லை. தண்டின் மூக்கு நடுவில் மிதக்க வேண்டும். மேலே போய் முட்டிக்கொண்டு நின்றது. சின்னக் குண்டை மெல்ல நகர்த்தினார். இரண்டரை கிலோவில் மிதந்தது.

அவர் ரப்பர் விரிப்பைப் பார்த்தார். விரிப்பின் எடையும் சேர்ந்து ஒவ்வொரு கிழவன் கிழவியின் கணக்கிலும் ஏறிக்கொண்டிருந்தது. இந்த வார்டில் யாரும் குண்டைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டு போவதே இல்லை. ஓர் ஆளின் எடையிலிருந்து அடுத்த ஆளின் எடைக்குத் தட்டி நேரம் மிச்சம் பிடிக்கிறார்கள். அதனால் வெறும் தராசை யாரும் பார்க்கவில்லை. அவருடைய உண்மையான எடை ஐம்பத்தாறு. ஆறு மாதத்தில் ஐந்து கிலோ போயிருக்கிறது.

வாயைத் திறக்கப் போனார். சிஸ்டர் எழுதி முடித்து, "தளர்ச்சி எண் நாலு. சரியா சார்?" என்றார்.

நான்கு. அவர் கேட்ட எண்.

கண்கொத்தி குண்டைப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டு, "சரி" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொய்த் தராசைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார். அன்று மதியம் அவருக்குத் தூக்கம் வரவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெயிண்டர். கடைப் பெயர்ப்பலகை எழுதியவர். முக்காலியிலிருந்து விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்து வந்து மூன்று வாரம் ஆகிறது. ஒண்டிக்கட்டை. சைக்கிள் கடைக்குப் பின்னால் ஒரு அறை, குழாய் வெளியே. வாய் மட்டும் ஓயாது.

"ஆபீசர், உங்க வீட்டுக்கு எத்தனை படி?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான். இனிமே என்னை ஏணி ஏத்த மாட்டாங்க. காதாலயாவது ஏறுவோமேன்னு."

கண்கொத்திக்கு நம்பிக்கை வரவில்லை. சிஸ்டர் வைத்த ஆளாக இருக்கலாம். வார்டில் எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிறவனை எந்த ஆய்வாளரும் ஒற்றன் என்றுதான் எழுதிக்கொள்வார். "முப்பத்தெட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

"அடேயப்பா! ஒரே மூச்சுலயா ஏறுவீங்க? சிஸ்டர்கிட்ட சொன்னது காதுல விழுந்துச்சு. அரசாங்க முத்திரை குத்தின நாக்கு, பொய் வராது."

குத்திக்காட்டுகிறானா, மெய்யாகவே சொல்கிறானா? அவருக்குப் புரியவில்லை.

அடுத்த நாள் காலை இருவரும் குளியலறைப் பக்கம் நடந்தார்கள். பாதி நடையில் பெயிண்டர் சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"ஒண்ணுமில்ல ஆபீசர். கால் லீவு கேக்குது, குடுத்திருக்கேன்."

"சிஸ்டரைக் கூப்பிடறேன்."

"ஐயோ, வேண்டாம். எழுதிடுவாங்க."

எழுதிடுவாங்க. கண்கொத்தியின் நெஞ்சுக்குள் இரண்டு நாளாக உட்கார்ந்திருந்த அதே சொல். அவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபின் முழங்காலுக்குச் சொர்க்கம் தெரிந்தது.

"நானும் ரெண்டாம் மாடியில உட்காருவேன்" என்றார். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. "கால் மணி நேரம். சில நாள் அரை மணி."

"அதானே பார்த்தேன்" என்றார் பெயிண்டர். "முத்திரை கொஞ்சம் அழிஞ்சிருக்கு."

சிரித்துவிட்டார்கள். கட்டிலுக்குத் திரும்பிய பிறகுதான் கண்கொத்திக்கு உறைத்தது. ஒற்றனிடமே வாக்குமூலம் கொடுத்துவிட்டேனே! அன்று முழுக்க சிஸ்டர் அந்தக் கட்டிலுக்கு வரும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார். பெயிண்டர் கிரிக்கெட் பேசினார், தலைமேல் இருக்கும் கண்ணாடியைக் காட்டிக்கொடுத்தார், குழம்பில் உப்பில்லை என்றார். இரண்டாம் மாடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சாயங்காலம் பெயிண்டர் கண்ணயர்ந்தபோது, கண்கொத்தி அவர் கட்டில் காலடியில் தொங்கிய அட்டையை எடுத்துப் படித்தார். அடுத்தவர் அட்டையைப் படிப்பது தப்புதான். அடுத்தவர் தராசைத் தூக்கிப் பார்ப்பதும் அப்படித்தான், முப்பத்தொரு வருடம் செய்தார். வந்த அன்று எடை நாற்பத்தொன்பது. அடுத்த வாரம் ஐம்பது. இந்த வாரம் நாற்பத்தொன்பது. கீழே சிஸ்டர் கையெழுத்தில்: எடை நிலையாக உள்ளது, தளர்ச்சி எண் நான்கு.

அட்டையிலிருந்து கண்ணைத் தூக்கிப் பெயிண்டரைப் பார்த்தார். கழுத்தெலும்புக் குழியில் அரைக் குவளை தண்ணீர் ஊற்றலாம். தலையணை ஓரத்தில், காலையில் கொடுத்த ரொட்டி கடிபடாமல் காகிதத்தில் சுற்றி இருந்தது.

வார்டு உதவியாளர் வாளியோடு வந்தார். "அந்த எடை மெஷின் விரிப்பு நல்லா இருக்கே, எப்ப போட்டது?" என்று பேச்சுக் கொடுத்தார் கண்கொத்தி.

"ரெண்டு வாரம் இருக்கும் சார்" என்றார் அவர் பெருமையோடு. "ஒரு அம்மா மெஷின் மேடையில வழுக்கி விழப் பார்த்தாங்க. சிஸ்டர் ஏதாவது பண்ணுன்னு சொன்னாங்க. நான்தான் லாரி ஷெட்டுல அறுத்துட்டு வந்து ஒட்டினேன். எருமை ஏறினாலும் நகராது."

இரண்டு வாரம். அப்படியென்றால் பெயிண்டரின் முதல் எடை விரிப்பு வருவதற்கு முன்பு எடுத்தது. மற்ற இரண்டும் விரிப்போடு. இந்த ஆஸ்பத்திரியிலேயே, இத்தனை பேர் கண் முன்னால், அவர் இரண்டரை கிலோ இளைத்திருக்கிறார். தளர்ந்தவர்கள் விழக் கூடாது என்று போட்ட விரிப்பு, தளர்ச்சியையே மூடிவிட்டது. யாரும் ஏமாற்றவில்லை. அதுதான் கண்கொத்திக்குப் பெரிய சங்கடமாக இருந்தது. யாராவது ஏமாற்றியிருந்தால் அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும்.

சொன்னால் எல்லோரையும் மறுபடி நிறுப்பார்கள். முதலில் அவரைத்தான் ஏற்றுவார்கள்.

மறுநாள் காலை டாக்டர் வந்தபோது மகளும் வந்திருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் பெயிண்டரின் அட்டையைப் புரட்டினார். "கை கூடிடுச்சு. எடையும் குறையல. இன்னிக்கே வீட்டுக்குப் போகலாம்."

"ரொம்ப சந்தோஷம் டாக்டர்" என்றார் பெயிண்டர். அவர் இடது கை கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்திருந்ததைக் கண்கொத்தி பார்த்தார்.

சைக்கிள் கடைக்குப் பின்னால் அறை. குழாய் வெளியே. அங்கே சரிந்து உட்கார்ந்தால் பக்கத்தில் யார் உட்காருவார்கள்?

"அந்த எடையை நம்பாதீங்க" என்றார் கண்கொத்தி.

எல்லோரும் திரும்பினார்கள். "அப்பா, என்னப்பா?" என்று மகள் எழுந்தாள். அவர் கட்டில்களைப் பிடித்துப் பிடித்து மூலைக்கு நடந்தார். சிஸ்டர் பின்னாலேயே வந்தார். கண்கொத்தி ஆளில்லாத மேடையைக் காட்டி, இரண்டு குண்டையும் பூஜ்ஜியத்துக்குத் தள்ளினார். மூக்கு மேலே போய் முட்டியது. "விரிப்பை எடுங்க." உதவியாளர் முகத்தைச் சுளித்துக்கொண்டு பிளாஸ்திரியைக் கிழித்தார். விரிப்பு போனதும் தண்டு இறங்கி, நடுவில் வந்து, இலை மாதிரி அசைந்து நின்றது.

சிஸ்டர் தலையிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். குனிந்து தண்டின் மூக்கைப் பார்த்தார். அந்த விரிப்பைப் போடச் சொன்னதே அவர்தான்.

"எப்பத் தெரியும் சார் உங்களுக்கு?"

"நீங்க என்னை நிறுத்த அன்னிக்கே."

"ஏன் சொல்லல?"

இதே கேள்வியை அவர் எத்தனையோ கடைகளில் கேட்டிருக்கிறார். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: கவனிக்கலைங்க. அந்தப் பதில் அவர் நாக்கு வரை வந்து திரும்பிப் போனது.

"எனக்குச் சாதகமா இருந்துச்சு" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, யாரும் சொல்லாமலே மேடையில் ஏறினார். "நிறுங்க."

ஐம்பத்தாறு.

"மத்ததையும் எழுதிக்கங்க. ரெண்டாம் மாடியில உட்காருவேன். ராத்திரிக்குப் பிஸ்கட். எழுந்திருக்கும்போது தலை சுத்தும். போன மாசம் குளியலறையில ஒருதரம் விழுந்தேன்." மகள் பக்கம் பார்க்காமல் சொன்னார்.

"பெல்ட்டைப் பார்த்தப்பவே தெரியும்பா" என்றாள் மகள்.

"அப்ப நீ ஏன் சொல்லல?"

"நான் சொல்லி நீங்க எதை நம்பியிருக்கீங்க?"

பெயிண்டர் நாற்பத்தாறரை இருந்தார். "நல்லாத்தானே போய்ட்டிருந்துச்சு ஆபீசர், என்னை ஏன் மாட்டி விட்டீங்க?" என்று உண்மையாகவே கோபப்பட்டார். வீட்டுக்குப் போகும் பேச்சு நின்றது. பன்னிரண்டு பேரையும் மறுபடி நிறுத்தார்கள். நான்கு பேருக்கு எண் மாறியது. பெயிண்டருக்கு ஆறு. பல் ஆட்டம் கண்டு மெல்ல முடியாததால்தான் ரொட்டியைச் சுற்றி வைத்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மூன்று வாரமாக யாரும் கேட்கவில்லை. இரண்டு நாள் அவர் கண்கொத்தியோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கஞ்சியைக் குடித்துவிட்டு, "வழக்கு எழுதறது உங்க ரத்தத்துல இருக்கு" என்றார்.

கண்கொத்திக்கு ஐந்து. டாக்டர் அவருடைய ரத்த அழுத்த மாத்திரையில் ஒன்றை நிறுத்தினார். தலை சுற்றலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்றார். நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரும் பயிற்சி, சாப்பாட்டு அட்டவணை, குளியலறையில் கைப்பிடி. வீட்டைப் பூட்டச் சொல்லி அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"அன்னிக்கு நடையில நின்னு என்ன பேசினே?" என்று மகளைக் கேட்டார்.

"தனியா விட முடியாதுன்னு சொல்லிடாதீங்க, அந்த வீடுதான் அவருக்கு உயிர், என்ன செஞ்சா அங்கயே இருக்கலாம்னு சொல்லுங்கன்னு கேட்டேன்."

அதை நம்புவதா வேண்டாமா என்று அவருக்கு இன்றுவரை முடிவாகவில்லை. ஆனால் ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்: மகள் வீட்டில் ஆறு வாரம், பிறகு எடையும் படியும் சோதித்துப் பார்த்து, மூன்றாம் மாடி வீடு. மகள் கையெழுத்துப் போட்டாள். சிஸ்டரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "தேதியைச் சரி பார்த்துக்கங்க சார்" என்றார். அவர் சரி பார்த்தார்.

ஆறு வாரமும் நாலு நாளும் கழித்து, எடை ஐம்பத்தெட்டு. விரிப்பில்லாமல். படிக்கட்டு அடியில் மகள் பேனாவும் நோட்டுமாக நின்றாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் புதிதாக ஒரு நாற்காலி. கீழ்வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு அவள் போட்டது. அவர் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினார். இருபத்தைந்தாவது படி வந்தது. நாற்காலியைப் பார்த்தார். இன்னும் பதின்மூன்று. முக்கி முனகினால் ஏறிவிடலாம், மகள் படிக்கட்டு அடியிலேயே நிற்கிறாள், அவளுக்குத் தெரியவும் தெரியாது.

உட்கார்ந்தார்.

"ரெண்டாம் மாடியில உட்கார்ந்தேன்" என்று கீழே பார்த்துக் கத்தினார். "மூணு நிமிஷம். எழுது."

"எழுதிட்டேம்பா."

"கொண்டா, பார்ப்போம்" என்று கண்ணாடிக் கூட்டைத் திறந்தார்.